பூக்காத பிரம்ம கமலத்துக்கு 'பெண் செடி' வேண்டாம்

கேள்வி: மூன்று ஆண்டுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு நர்சரியில் 'பிரம்ம கமலம்' என்று சொல்லி 450 ரூபாய்க்கு ஒரு செடி கொடுத்தார்கள். ஆளுயரம் வளர்ந்துவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை. போர்டிகோவின் உள்மூலையில் வைத்து வாரந்தோறும் 19:19:19 உரம் கொடுக்கிறேன். கடைக்காரரோ, "அது ஆண் செடி, பூக்காது. பெண் செடி ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்" என்கிறார். 900 ரூபாயாம். வாங்கலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள். இதில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. பப்பாளிக்கும் பேரீச்சைக்கும் பொருந்துகிற கதையைக் கொண்டுவந்து இதன் தலையில் கட்டியிருக்கிறார். இதே வகையில் வேறு தாய்ச்செடியிலிருந்து வந்த செடி ஒன்று அருகில் இருந்தால் காய் பிடிக்க உதவும், அவ்வளவுதான். பூப்பதற்குத் துணை தேவையில்லை.

படத்தில் இருப்பது எபிபைலம் ஆக்ஸிபெட்டலம், நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளரும் கள்ளி வகை. நீங்கள் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. அதன் ஓரத்தில் அலை அலையாக இருக்கும் வெட்டுகளில்தான் மொட்டு வரும். இமயமலையின் நிஜ பிரம்ம கமலம் வேறு குடும்பம், சூரியகாந்திக்குச் சொந்தம். உத்தராகண்டின் மாநில மலரான அது ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேலே குளிரில் வளர்வது. தஞ்சாவூர் வெயிலில் ஒரு வாரம் தாங்காது. ஆகவே இணையத்தில் யாராவது 'அசல் பிரம்ம கமலம் விதை' என்று பத்து விதைப் பொட்டலம் விற்றால் தாண்டிப் போய்விடுங்கள். நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை விற்பதும் இதே கூட்டம்தான். முளைப்பது ஏதோ ஒரு கீரை. கேட்கப் போனால் கடையே காணாமல் போயிருக்கும்.

இதை யாரும் தடுக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர், காய்கறி, பழம், பருத்தி, தீவனம் என்று பேசுகிறது. அலங்காரச் செடி அதன் கண்ணில் படவே இல்லை. நெல் விதை மூட்டைக்குச் சான்று அட்டை உண்டு. 900 ரூபாய்ச் செடிக்குப் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இத்தனை ஆண்டில் ஒரு லேபிளைக் கட்டாயமாக்க முடியவில்லையே என்று எனக்குச் சலித்துவிட்டது. அதனால் ரசீதில் செடியின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, வெளிச்சம் போதவில்லை. காலை ஒன்பது மணிவரை வெயில் படும் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். நடுப்பகல் வெயில் நேராக விழக்கூடாது, தண்டு மஞ்சளாகி வெந்துபோகும். இரண்டு, உரம். 19:19:19-இல் முதல் எண் குறிக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) செடியைத் தழைக்க வைக்கிறது, பூக்க விடுவதில்லை. அதை நிறுத்திவிட்டு, தழைச்சத்தே இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் உள்ள 0:52:34 உரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள்.

தொட்டியை மாற்ற வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வரும் செடிகள் சில, வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே தொட்டிக்குள் இறக்கி மேலே தென்னை நார்க்கழிவைப் பரப்பிவிடுவார்கள். மேலே காய்ந்திருக்கும், உள்ளே மூன்று ஆண்டாக ஈரம். ஒரு ஊதுவத்திக் குச்சியைத் தண்டருகே ஆழமாகக் குத்தி எடுத்துப் பாருங்கள். நுனியில் பிசுபிசுவென்று சாம்பல் நிறக் களி ஒட்டினால் மட்டும், ஐப்பசி மழைக்கு முன்பே செடியை வெளியே எடுங்கள். உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து விரலால் மெல்லக் கரையுங்கள், பிய்க்காதீர்கள். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம், உடைத்த கரித்துண்டு நான்கையும் சம அளவில் கலந்து, அதே அளவுத் தொட்டியில் நடுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். குச்சியில் களி ஒட்டவில்லையென்றால் கையே வைக்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், 'ரீபாட்டிங் சர்வீஸ்' என்று வீட்டுக்கே வந்து, நல்ல வேரையும் கலைத்துவிட்டு, பெரிய தொட்டியைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

அடியிலிருந்து கம்பிபோல் உருண்டையாகக் கிளம்பும் நீளத் தண்டுகளின் நுனியைக் கிள்ளிவிடலாம். பழைய தட்டைத் தண்டை வெட்ட வேண்டாம், பூ வருவது அதில்தான்.

மொட்டு வந்தபின் தொட்டியை நகர்த்தாதீர்கள், திருப்பாதீர்கள், காயவும் விடாதீர்கள். உதிர்ந்துவிடும். தொங்கும் மொட்டு கொக்கிபோல் வளைந்து மேல்நோக்கித் திரும்பிப் பருத்துவிட்டால், இன்றோ நாளையோ இரவு ஒன்பது, பத்து மணிவாக்கில் விரியும். விடிவதற்குள் துவண்டுவிடும்.