கோல்ஃபில் எந்தக் கிளப் (அடிக்கும் மட்டை) எவ்வளவு தூரம் போகும் என்று டெல்டாவில் இருந்துகொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் கும்பகோணம் பக்கம் என்கிறார். பழைய செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஸ்விங் ஓரளவு படிந்துவிட்டது, விடுமுறையில் கொடைக்கானல் போய் ஆடுவதாகத் திட்டம். அதற்குள் எந்தக் கிளப்புக்கு எத்தனை கெஜம் என்று தெரிய வேண்டும். பக்கத்தில் மைதானம் கிடையாது, தூரம் அளக்கும் ரேடார் கருவி வாங்கவும் மனமில்லை.

கருவி இல்லாமலே முடியும். கயிறு, நாலைந்து குச்சி, ஒரு நோட்டு, கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

என்னைப் பற்றி ஒரு வரி: சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் பயிற்சித் திடலில் பராமரிப்பு வேலை பார்த்தேன். இப்போது அணைக்கரைக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறேன். திடலில் என் வேலைகளில் ஒன்று, பந்து பொறுக்கும் வண்டியை ஓட்டுவது. மேலே வரிசையில் நின்று அடிப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "7 அயர்ன் 150" என்பார்கள். அயர்ன் என்பது இரும்புத் தலை மட்டை, எண் சின்னதானால் தூரம் அதிகம்; 150 என்பது கெஜம். வண்டியில் போனால் 150 என்று எழுதிய பலகைக்கு வெகு முன்னாலேயே பந்து குவிந்து கிடக்கும். பலகையைத் தாண்டினால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அந்த அங்கொன்று இங்கொன்றைத்தான் ஒவ்வொருவரும் தன்னுடைய தூரம் என்று மனதில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே முதலில் எந்தத் தூரத்தை அளக்கப் போகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பந்து விழும் இடம் ஒன்று, உருண்டுபோய் நிற்கும் இடம் இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது விழும் இடம். கேரி என்பது அதுதான். குளத்தையோ பங்கர் என்கிற மணல் பள்ளத்தையோ தாண்டுமா என்பதை முடிவு செய்வது கேரி; உருளல் தரையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். நம்ம பக்கம் இதில் கூடுதல் கவனம் தேவை. சித்திரை மாதத்து வயல் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் டிரைவர் (மிக அதிகத் தூரத்துக்கான மட்டை) அடித்தால் பந்து குதித்துக் குதித்து ஓடும், நமக்கும் பெருமையாக இருக்கும். வரப்பில் பட்டால் திரும்பி நம்மைப் பார்த்தே வரும். வெடிப்புக்குள் போய்விட்டால் அதோடு சரி. நின்ற இடத்தை அளந்து எழுதினால் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

என் அனுபவத்தில் கேரி அளக்க கொள்ளிடத்து மணல் மாதிரி இடம் கிடையாது. தண்ணீர் வடிந்து கொஞ்ச நாள் ஆன, மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கிற மணல். அயர்னில் அடித்த பந்து உள்ளங்கை அளவுக்குக் குழி பறித்து அதிலேயே, இல்லாவிட்டால் ஓரடி தள்ளி உட்கார்ந்துவிடும். டிரைவர் பந்து தாழ்வாக வருவதால் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டு மேலே போகும். அந்தக் கீறல் எங்கே தொடங்குகிறதோ அதுதான் கேரி. வயலில் இதற்கு வழியில்லை. புழுதி கிளம்புகிற இடத்தைத் தூரத்திலிருந்து குத்துமதிப்பாகத்தான் பிடிக்க முடியும்.

காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மேற்குப் பக்கம் பார்த்து அடித்தால் வெயில் முதுகில் இருக்கும், பந்து கடைசிவரை கண்ணுக்குத் தெரியும். நேரமானால் காற்று எழுந்துவிடும். ஆனி, ஆடியில் அளக்கவே வேண்டாம், மேல்காற்று காலையிலேயே ஆளைத் தள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. மேட்டூரில் உபரி நீர் திறந்தால் முக்கொம்பிலிருந்து வெள்ளத்தைத் திருப்பிவிடுவது கொள்ளிடத்துக்குத்தான். ஆற்றில் இறங்க வேண்டாம் என்று தண்டோராவோ மைக் அறிவிப்போ வந்தால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். அடுத்தது, அணைக்கரைப் பக்கத்துப் பள்ளங்களில் முதலை உண்டு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பந்து மடுவில் விழுந்தால் போனது போகட்டும்.

ஆறு தோதுப்படாவிட்டால் வயல்தான். ஆனால் சம்பா அறுத்ததும் நிலம் காலி என்று நினைத்துவிடாதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். அதுவும் எடுத்து முடித்த பிறகு, குறுவைக்கு நாற்று விடுவதற்கு முன்னால், சித்திரை வைகாசியில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். போர்செட் வைத்திருப்பவர்கள் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள், ஆகவே யார் நிலம் என்று பார்த்துக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அந்த நாட்களில் கிடை போட்டிருப்பார்கள், வாத்து மேய்ப்பவர்களும் சில இடங்களில் இருப்பார்கள். கோல்ஃப் பந்து 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் மண்டையில் பட்டால் ஆளையே முடித்துவிடும். 250 கெஜத்துக்குள் ஆளோ ஆடோ தெரிந்தால் கிளப்பைப் பைக்குள் போடுங்கள்.

தூரக் குறி போடுவது எளிது. 75 அடி நைலான் கயிறு வெட்டினால் 25 கெஜம். அடிக்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில் அதை வைத்து வைத்து 50 முதல் 225 வரை குச்சி நட்டு, உரச்சாக்கைக் கிழித்துக் கொடியாகக் கட்டிவிடுங்கள். தஞ்சாவூர் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. சதுரமான ஒரு மா நிலத்தின் பக்கம் 120 அடி, அதாவது சரியாக 40 கெஜம். எங்கள் பெரியப்பாவுக்கு வரப்பைப் பார்த்தாலே தூரம் தெரிந்துவிடும், கயிறை எடுத்தால் சிரிப்பார். ஆனால் வயல் சதுரமாக இருப்பது அபூர்வம், வரப்பை நம்பாதீர்கள். ஃபோன் மேப்பில் இரண்டு புள்ளிக்கு இடையே தூரம் அளக்கும் வசதியைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். ஃபோனைக் கையில் பிடித்து நடந்து அளப்பது வேண்டாம், ஜி.பி.எஸ். சில மீட்டர் இப்படி அப்படி காட்டும். மீட்டர் டேப்தான் இருக்கிறது என்றால் 100 மீட்டர் 109 கெஜம் என்று நினைவில் வையுங்கள்.

இனி அடிப்பது. உடம்பு சூடானபின் ஒரு கிளப்புக்குப் பத்து பந்து. ஒரே நாளில் எல்லாக் கிளப்பையும் முடிக்கப் பார்க்காதீர்கள். களைப்பு வந்தபின் அடிக்கிற பந்து கணக்குக்கு உதவாது. ஆடும்போது எந்தப் பந்தை வைத்து ஆடுவீர்களோ அதே ரகம், முடிந்தவரை ஒரே வயது. பயிற்சித் திடல்களில் கொடுக்கிற பந்து பல இடங்களில் குறைந்த தூரம் போகும்படி செய்தது. சிங்கப்பூரில் எங்கள் திடலிலும் அதுதான். அப்படிப்பட்ட பழைய பந்தை மலிவாக வாங்கி அளந்தால் பட்டியல் முழுக்கக் குறைவாக வரும். காலுக்கடியில் செயற்கைப் புல் பாய் போடுவீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பந்துக்கு முன்னால் தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும், பந்தும் நன்றாகவே போகும். நிஜப் புல்லில் அதே அடி பாதித் தூரத்தில் விழும். பாயில் 'தப்'பென்று முதலில் சத்தம் கேட்ட அடிகளை நோட்டில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிடுங்கள்.

கூட வருபவர் விழும் கோட்டுக்குப் பக்கவாட்டில், நன்றாக ஒதுங்கி நிற்க வேண்டும். எனக்கு மாமா பையன் வருவான். பத்தும் அடித்து முடித்தபின் இரண்டு பேருமாகப் போய், ஒவ்வொரு குழிக்கும் அருகிலுள்ள கொடியிலிருந்து காலடி வைத்து எண்ணி எழுதுவோம். கரையில் நின்று பார்த்த பெரியப்பா ஒருநாள் கேட்டார்: "ஏண்டா, அடிக்கிறதும் நீ, பொறுக்கப் போறதும் நீ. இதுக்கா சிங்கப்பூர் போய்ட்டு வந்தே?" பதில் சொல்ல முடியவில்லை.

பத்து எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உதாரணத்துக்கு 7 அயர்னில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 128, 131, 97, 134, 135, 133, 146, 130, 112, 132. மனசு 146ஐத்தான் பிடித்துக்கொள்ளும். சராசரி போட்டால் 128. சரியாகப் படாத 97ம் 112ம் அதைக் கீழே இழுத்துவிட்டன. ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதைப் பார்த்தால் 131, 132. இதுதான் உங்கள் 7 அயர்ன். அதோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: பத்தில் எட்டுப் பந்தாவது எட்டிய தூரம். இங்கே அது 128. முன்னால் 125 கெஜத்தில் தண்ணீர் முடிகிறது என்றால் இந்தக் கிளப்பை எடுக்கலாம். 140 என்றால் பத்தில் ஒன்றுதான் அக்கரை சேரும், 6ஓ 5ஓ எடுங்கள். பெரும்பாலான மைதானங்களில் வில்லங்கம் கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்கிற புல்தரை) முன்னால்தான் இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் தவறுவதும் பெரும்பாலும் குறைவாகப் போய்த்தான்.

எண் சின்னதாக இருக்கிறதே என்று வருத்தம் வேண்டாம். டிராக்மேன் ரேடார் வைத்து எடுத்து சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட சராசரியில் அமெரிக்க ஆண்கள் டூர் (தொழில்முறைப் போட்டித் தொடர்) ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் கேரி 172 கெஜம், பெண்கள் டூரில் 141. டிவியில் பார்ப்பது அந்த 172ஐ. நண்பரோடு ஒப்பிடுவதும் வீண். பழைய செட்டுகளில் 7 அயர்னின் முகச் சாய்வு 34, 35 டிகிரி இருக்கும். இப்போது வரும் பல செட்டுகளில் 30க்கும் கீழே. அவர் 7 என்று அடிப்பது உங்கள் பையில் கிட்டத்தட்ட 6, சில சமயம் 5.

பட்டியல் முடிந்ததும் கிளப்புக்குக் கிளப் இடைவெளியைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கெஜம் சீராக இறங்கினால் நல்லது. பெரும்பாலும் இறங்காது. வேகம் குறைந்த ஸ்விங்காக இருந்தால் 4ம் 5ம் ஒரே இடத்தில் விழும். 4 பந்தை உயரே தூக்கவே தூக்காது. அப்படியானால் 4 அயர்னை வீட்டில் வைத்துவிட்டு ஒரு ஹைப்ரிட் (பந்தை எளிதாகத் தூக்கும் கலப்பு மட்டை) தேடுங்கள். விதி 14 கிளப்புக்கு மேல் கூடாது என்கிறது, குறைவாக இருக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. கீழ்க்கோடியில் இதற்கு நேர்மாறு. கிட்டத்து அடிக்கான மட்டைகளான பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே 25, 30 கெஜம் ஓட்டை விழும். உடனே புது வெட்ஜ் வாங்க ஓட வேண்டாம். பிட்சிங் வெட்ஜில் கையை இடுப்பு வரை எடுத்து ஒரு பத்து, தோள் வரை எடுத்து ஒரு பத்து அடித்து அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் டிரைவருக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கச் சொல்வேன். அடிகள் குறைவது இங்கேதான்.

காற்றுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. மணிக்கு 16 கிலோமீட்டர் எதிர்க்காற்று சுமார் பத்து சதவீதம் தின்றுவிடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் கொடுப்பது அதில் பாதிதான். அப்புறம், புழுக்கமான நாளில் காற்று கனமாக இருக்கும், பந்து போகாது என்று சொல்வார்கள். அது தப்பு. நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது. வித்தியாசம் மிகச் சின்னது, அதுவும் உங்களுக்குச் சாதகமாகத்தான். உண்மையில் தூரத்தைக் குறைப்பது குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்தும் மந்தமாகத் தெறிக்கும்.

இதனால்தான் கொடைக்கானலுக்குத் தனிக் கணக்கு. அங்கே உள்ள கோல்ஃப் கிளப் 1895ல் தொடங்கியது, ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் முழு அடி ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். கொள்ளிடத்தில் 131 விழுந்தது அங்கே 140ஐத் தொடலாம். காலைக் குளிரில் அதில் இரண்டு மூன்று கெஜம் திரும்பப் போய்விடும். மேடு பள்ளமும் இருக்கிறது: கிரீன் மேலே இருந்தால் ஒவ்வொரு மூன்று அடி உயரத்துக்கும் சுமார் ஒரு கெஜம் கூட்டுங்கள், கீழே இருந்தால் கழியுங்கள். டெல்டாவில் தட்டையிலேயே அடித்துப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் குழப்பும். பட்டியலை இரண்டு பத்தியாக எழுதி, ஒன்றில் ஊர்த் தூரம், இன்னொன்றில் எட்டு சதவீதம் கூட்டிய தூரம் போட்டு, பையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். முதல் நாலைந்து ஹோலில் பந்து விழும் இடத்தைப் பார்த்து, கூட்டியது அதிகமா குறைவா என்று பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.