வீடு திருத்தேக்க 10 வீதம் பிடிச்சு வைக்கலாமோ?

கேள்வி: ஒன்ராறியோவில எங்கட வீட்டுக் குசினியும் பேஸ்மென்ட்டும் திருத்தப் போறம், 80,000 டொலர் கொன்ட்ராக்ட். ஒவ்வொரு பேமென்ட்டிலயும் 10 வீதத்தை உடன குடுக்காமல் (holdback) பிடிச்சு வைக்கட்டோ எண்டு கேட்டா, அது பெரிய பில்டிங்குகளுக்குத்தான், வீடுகளுக்கு இல்லை எண்டு கொன்ட்ராக்டர் சொல்றார், கொன்ட்ராக்ட்டிலயும் அப்பிடியே எழுதிக் கிடக்கு. கையெழுத்து வைக்கலாமோ?

பதில்: அந்த வரியை வெட்டாமல் வைக்காதேங்கோ. ஒன்ராறியோவின்ர கொன்ஸ்ட்ரக்ஷன் சட்டம் வீட்டு வேலைக்கும் பொருந்தும், இந்தச் சட்டம் செல்லாது எண்டு ரெண்டு பேரும் எழுதி ஒப்புக்கொண்டாலும் அந்த எழுத்துக்குத்தான் பெறுமதி இல்லை. 10 வீதம் பிடிக்கிறது உங்கட விருப்பமில்லை, கடமை.

ஏன் எண்டு சொல்லுறன். பிளம்பரைக் கூப்பிடுறது கொன்ட்ராக்டர், நீங்கள் பிளம்பரோட ஒரு கதையும் கதைச்சிருக்க மாட்டீங்கள், ஆனா கொன்ட்ராக்டர் அவருக்கு 12,000 டொலர் குடுக்காமல் விட்டா அவர் உங்கட வீட்டு டைட்டில்ல (உரிமைப் பதிவில) லீன், அதாவது தனக்கு வரவேண்டிய காசுக்காக வீட்டில உரிமை கோருற பதிவு, போடலாம். நீங்கள் 8,000 டொலர் பிடிச்சு வைச்சு, மிச்சத்தை ஒழுங்காக் குடுத்திருந்தா, பொதுவா உங்கட பொறுப்பு அந்த 8,000 ஓட முடிஞ்சிடும். ஒண்டும் பிடிக்காமல் முழுக்காசையும் குடுத்திட்டீங்கள் எண்டா அதே 8,000ஐ உங்கட பொக்கற்றில இருந்து ரெண்டாந்தரம் கட்டவேண்டி வரும், எங்கட ஆக்கள் அநியாயமாக் காசு இழக்கிறது இந்த இடத்திலதான், எனக்கு இதைப் பாக்க உண்மையாவே மனவருத்தமா இருக்கு. லீன் கிடக்கேக்க வீட்டை விக்கவோ ரீஃபைனான்ஸ் பண்ணவோ பெரிய கஷ்டம், அவசரமா எடுக்கிறதெண்டா லீன் தொகையோட இன்னும் 25 வீதம் சேத்து கோர்ட்டில கட்டோணும், அந்த 12,000க்கு 15,000.

எவ்வளவு நாள் பிடிக்கிறது? வேலை முடிஞ்ச நாளில இருந்து 60 நாள். முடிஞ்சது எண்டா கடைசிக் கபேர்ட் பிடி வரைக்கும் பூட்டினதெண்டு நினைக்காதேங்கோ, மிச்ச வேலையின்ர பெறுமதி கொன்ட்ராக்ட் விலையில 1 வீதம் அல்லது 5,000 டொலர், ரெண்டில எது குறைவோ அதுக்குள்ள வந்தா சட்டப்படி முடிஞ்சதுதான், உங்களுக்கு அது 800 டொலர். அந்தத் திகதியை எழுதி வையுங்கோ, படமும் எடுங்கோ. 60 நாள் போனாப்பிறகு ஒரு வக்கீலைக் கொண்டு டைட்டில் பாத்து, லீன் இல்லையெண்டா குடுங்கோ. இடையில ஒரு சப்-கொன்ட்ராக்டர் முறையா எழுத்தில லீன் நோட்டீஸ் தந்தா, 10 வீதத்துக்கு மேல அவர் கேக்கிற தொகையையும் நிப்பாட்டி வைக்கோணும்.

மற்றது, கொன்ட்ராக்டருக்கும் உரிமை இருக்கு. 2019 ஒக்டோபர் 1க்குப் பிறகு வந்த கொன்ட்ராக்ட்டுகளில ஒழுங்கான பில் வந்து 28 நாளுக்குள்ள காசு குடுக்கோணும், வேலை பிழை எண்டு மறிக்கிறதெண்டா 14 நாளுக்குள்ள அதுக்குரிய படிவத்தில காரணம் எழுதிக் குடுக்கோணும். ஃபோன்ல சத்தம் போட்டதெல்லாம் கணக்கில வராது, பேசாமல் இருந்தாலும் பிழை, அவர் அட்ஜுடிகேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளியில நடுவர் ஒராள் கெதியாத் தீர்ப்புச் சொல்லுற முறை) போவார்.

வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினா பொதுவா 10 நாளுக்குள்ள ரத்துப் பண்ணலாம், அட்வான்ஸ் குடுக்க முதல் அதையும் நினைவில வையுங்கோ. இப்ப செய்யவேண்டியது, அந்த வரியை வெட்டி, ஒவ்வொரு பேமென்ட்டிலயும் 10 வீதம் கழியும் எண்டு எழுதச் சொல்லுங்கோ, மாட்டன் எண்டா வேற ஆளைப் பாருங்கோ.