மூன்றாவது படத்தை அனுப்பாதீர்கள்

கேள்வி: தூத்துக்குடி பக்கம் ஓர் உப்பளத்தில், சூரியன் எழுந்த சற்று நேரத்தில், உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். அதை லைட்ரூம் என்ற படத் திருத்தச் செயலியில் நாலு விதமாக நிறம் மாற்றி இணையத்தில் பகிர்ந்து கருத்துக் கேட்டேன். முதலாவதில் உப்பு சுத்த வெள்ளை. இரண்டாவதில் படம் முழுக்கப் பொன்னிறம். மூன்றாவதில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (வெளிச்ச அளவை) ஏற்றி முகத்தைப் பளிச்சென்று ஆக்கினேன். நாலாவது, கிட்டத்தட்ட கேமராவில் பதிவானபடி. ஒருவர் நீலம் அடிக்கிறது என்று சொன்ன படத்தையே இன்னொருவர் மஞ்சள் தூக்கல் என்கிறார். நாலாவதில் முகம் கறுப்பாக இருக்கிறதாம். மூன்றாவதுக்குத்தான் அதிக ஓட்டு. ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும். எது சரியான நிறம்? நாலையும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நாலையும் பெரிய திரையில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவதை அனுப்பாதீர்கள். நாலாவதில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி அதை அனுப்புங்கள். காரணம் சொல்கிறேன். அதில் உங்களுக்குக் கசப்பானதும் உண்டு.

ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் முகம் வெளுக்கும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மைதான். வெளுத்த தோலோ கறுத்த தோலோ, மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு வட்டாரத்திலேயே விழும். ஆனால் எது தோல், எது வெயில் என்று அந்த ஸ்லைடருக்குத் தெரியாது. காலை வெயிலும் அதே வட்டாரம். உங்கள் மூன்றாவது படத்தில் அந்த அம்மாவின் முகத்தோடு கையும் வெளுத்திருக்கிறது. பின்னால் உப்பு அம்பாரத்தின் மேல் விழுந்திருந்த இளவெயிலும் வெளிறிப்போயிருக்கிறது. படத்தைப் பார்த்தால் பத்து மணி வெயிலில் எடுத்தது போல் இருக்கிறது. உப்பளத்தில் இருள் பிரியும் முன்பே வேலைக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பவர்கள் அதிகம். அந்த நேரம்தான் உங்கள் படத்தின் உயிர். முகத்தை வெளுக்கப் போய் அதைத் தொலைத்துவிட்டீர்கள்.

இது கைப்பழக்கக் குறை, திருத்திவிடலாம். என்னை வருத்துவது அந்த ஓட்டு. 'பளிச்சென்று இருக்கிறது' என்றும் 'நல்ல கலர்' என்றும் உங்களுக்குக் கருத்து வந்திருக்கும். நம் ஊரில் இந்தச் சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். சிவப்பழகு கிரீம் விளம்பரங்களும், மணப்பெண்ணை அடையாளம் தெரியாமல் வெளுக்க வைக்கும் கல்யாண ஆல்பங்களும் பல வருடங்களாக நம் கண்ணுக்குக் கொடுத்த பயிற்சி அது. உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் உங்கள் படத்தின் நிறத்தைப் பார்த்துப் போடவில்லை. அந்த அம்மாவின் நிறம் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். கடல் காற்றிலும் உப்பின் எதிரொளியிலும் வருடக்கணக்கில் வேலை செய்து வந்த தோல் அது. அதை அழகுபடுத்திக் கொடுக்கும்படி அவர் உங்களிடம் கேட்கவில்லை.

புகைப்படக் கலைக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. பிலிம் காலத்தில், 1950களிலிருந்து, கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. அந்தக் கணக்கில் கறுத்த முகங்கள் விவரம் இழந்து நிழல்போல வந்தன. குடும்பங்களும் பள்ளிக்கூடப் படங்களில் பிள்ளைகளும் இதை அனுபவித்தபோது பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும், எங்கள் பொருளின் பழுப்பு வித்தியாசம் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பிலிமில் பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டும் வேலை வேகம் பிடித்தது. எதிர்ப்பக்கமும் ஒன்று நடந்தது. 1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை டைம் இதழ் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை மாற்றாமல் போட்டிருந்ததால் கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. குற்றவாளியாகக் காட்டக் கறுப்பு, அழகாகக் காட்ட வெளுப்பு. இரண்டு வேலையும் ஒரே ஸ்லைடரில்தான் நடக்கிறது.

சரி, நாலாவதில் முகம் இருட்டாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் 'முகம் தெரியவில்லை' என்பது ஒரு குறை, 'முகம் கறுப்பாக இருக்கிறது' என்பது வேறொன்று. முதல் குறையைக் கேளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். முகம் தெரியாமல் போனதற்குக் காரணம் உப்பு. கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. பிரேம் முழுக்க வெள்ளை உப்பு இருந்தால், வெளிச்சம் மிக அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பனியில் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை. அங்கேயே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் கணக்குக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டும் வசதியை) ஒரு ஸ்டாப்பாவது, அதாவது இரண்டு மடங்காவது, ஏற்றி எடுத்திருக்க வேண்டும். போனது போகட்டும், உங்களிடம் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த மூலம், இருக்கும் என்று நம்புகிறேன். அதில் முதலில் மொத்தப் படத்துக்கும் எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராமின், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை காட்டும் வரைபடத்தின், வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். உப்பின் மணி மணியான தோற்றம் அழிந்து வெறும் வெள்ளையாகும் முன் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஷேடோஸ், அதாவது நிழல் பகுதி, கொஞ்சம். தலைத்துண்டின் நிழலுக்குள் கண் தெரிந்தால் போதும். ஆரஞ்சைத் தொடவே வேண்டாம்.

முதலாவது படத்தைப் பற்றி: உப்பு வெள்ளை, ஆகவே உப்பைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்ற கணக்கு, வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். நடுப்பகலில் அது செல்லும். விடியலில் உப்பின் மேல் இரண்டு வெளிச்சம் விழுகிறது. சூரியன் பார்த்த பக்கம் மஞ்சள். நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் தருவது வானம் மட்டுமே, அதனால் அங்கே நீலம். ஒரு பக்கத்தை வெள்ளையாக்கினால் மறுபக்கம் விலகிப்போகும். நாலாவதில் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில், அதாவது பகல் வெயிலுக்கான 5500 கெல்வின் பக்கம், விட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இரண்டு வெளிச்சமும் அதில் பிழைத்திருக்கின்றன. இரண்டாவது படத்தில் நிழலும் பொன்னிறம். அப்படி ஒரு காலை கிடையாது.

ஒரே படம் ஒருவருக்கு நீலமும் இன்னொருவருக்கு மஞ்சளுமாகத் தெரிந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒருவர் போன் 'விவிட்' மோடில் எல்லா நிறத்தையும் ஏற்றிக் காட்டும். இன்னொருவர் இரவில் கண் கூசாமலிருக்க வைக்கும் மோடை அணைக்க மறந்திருப்பார், அவருக்கு உலகமே மஞ்சள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கி, மெல்லிய நிற வேறுபாடுகள் அடிபட்டுத்தான் போய்ச் சேரும். டாக்குமென்டாக அனுப்பினால் சேதமில்லை. அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் சேமித்த படத்தை, அதன் நிற புரொஃபைலைக் (எந்த வரம்பு என்ற குறிப்பை) கவனிக்காத ஒரு செயலியில் திறந்தால் நிறம் செத்திருக்கும். திரையில் காட்டும் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பில்தான் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். 1996-ல் வந்த ஏற்பாடு, இன்னமும் எல்லாத் திரைக்கும் பொதுவானது அதுதான்.

திரை ஒன்றாகவே இருந்தாலும் கண்கள் ஒத்துப்போகாது. 2015 பிப்ரவரியில் ஒரு உடையின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். நீலமும் கருப்பும் என்று ஒரு கூட்டம், வெள்ளையும் பொன்னிறமும் என்று ஒரு கூட்டம், ஒரே போனைப் பார்த்துக்கொண்டே சண்டை போட்டார்கள். உடை உண்மையில் நீலமும் கருப்பும்தான். அது எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று படத்தில் துப்பில்லை. அதனால் அவரவர் மூளை ஒரு வெளிச்சத்தை ஊகித்து, அதைக் கழித்துக்கொண்டு பார்த்தது. உங்கள் படத்திலும் அதே கதை. விடியல் என்று புரிந்துகொண்டவருக்கு நிழலின் நீலம் இயல்பாகத் தெரியும். புரியாதவருக்கு அது கோளாறு. எனவே 'காலை, உப்பளம்' என்று இரண்டு வார்த்தைக் குறிப்பாவது படத்தோடு போகட்டும்.

கருத்துக் கேட்பதை விடச் சொல்லவில்லை. கேட்ட விதம்தான் தவறு. நாலு படத்தை வரிசையாக வைத்து எது பிடிக்கிறது என்றால், மிகவும் பளிச்சென்ற படம்தான் ஜெயிக்கும். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மற்றவை மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரே ஒரு படத்தைக் காட்டுங்கள். இது எந்த நேரம் என்று கேளுங்கள். கண் முதலில் எங்கே போனது, எங்கே தடுக்கியது என்று கேளுங்கள். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள் நாலு பேரிடம் காட்டுங்கள். பாத்தித் தண்ணீர் அந்த நேரத்தில் என்ன நிறத்தில் இருக்கும் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாரால் முடியும்? முக்கியமாக, படத்தில் இருக்கும் அந்த அம்மாவிடம் காட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போட்டிக்கு அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு பிரிண்டைக் கொடுத்து, சம்மதமும் கேட்டு வாருங்கள். படத்தில் இருப்பது நான்தான் என்று அவர் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் போட்டி பற்றி. விதிகளை முழுதாகப் படியுங்கள். செய்திப் புகைப்பட, ஆவணப் புகைப்படப் பிரிவுகளில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூல ஃபைலைக் கேட்பது இப்போது சகஜம். 2015-ல் வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற சர்வதேசச் செய்திப் புகைப்படப் போட்டியில், கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்தவற்றில் 20 சதவீதம் படங்கள், மூலத்தோடு ஒப்பிட்டபோது நிராகரிக்கப்பட்டன. உங்கள் மூன்றாவது படம் அப்படி ஒரு மேசைக்குப் போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரா ஃபைலை இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். அச்சுக்குக் கேட்டால் முதலில் ஒரு சின்ன பிரிண்ட் போட்டு, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் தெரிந்த வான நீலம் தாளில் சற்று அடங்கித்தான் வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றிவிடாதீர்கள்.