அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் உள்ளூர்ப் பள்ளி வீரர்களை ஏன் இப்படித் துரத்துகின்றன?

நம்மூர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தோடு ஆடுவது. பள்ளியில் நன்றாக ஆடும் பையனை உதவித்தொகை தந்து தன் கல்லூரிக்கு இழுப்பதற்கு அங்கே 'ரெக்ரூட்டிங்' என்று பெயர்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். கல்லூரிகளுக்கு அந்த வசதி கிடையாது. எங்கே சேர்வதென்று முடிவெடுப்பது பையன்தான், கூடவே அவன் அம்மாவும். அதனால்தான் பயிற்சியாளர்கள் வெள்ளிக்கிழமை இரவு பள்ளி ஆட்டங்களுக்குப் போகிறார்கள், வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

உள்ளூர் என்றால், சொந்தத்தில் வரன் பார்ப்பது மாதிரி. பையனின் குணம் பள்ளிப் பயிற்சியாளரைக் கேட்டாலே தெரிந்துவிடும். வீட்டாரும் சனிக்கிழமை நடக்கும் கல்லூரி ஆட்டத்துக்கு வந்துவிடலாம்.

நல்ல உதாரணம் மயாமி பல்கலைக்கழகம். 1979இல் பயிற்சியாளராக வந்தபோது ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கருக்குக் கிடைத்தது நலிந்துபோன அணி. தெற்கு ஃப்ளோரிடாவைத் தனி மாநிலம்போல் பாவித்து, 'ஸ்டேட் ஆஃப் மயாமி' என்று பெயரும் வைத்து, லிபர்டி சிட்டி போன்ற ஏழைக் கறுப்பினப் பகுதிகளிலும் ஆள் தேடினார். 1983 பருவத்தில் மயாமி தேசிய சாம்பியன். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை 31-30 என்று வென்றது. வாசலில் திறமை கொட்டிக்கிடக்கும் ஊரில்தான் இந்த வித்தை பலிக்கும் என்பது வேறு விஷயம்.

பலர் நினைப்பதுபோல், "உங்கள் கல்லூரிக்கே வருகிறேன்" என்று பையன் அறிவித்துவிட்டால் முடிந்தது என்றில்லை. கையெழுத்துப் போடும்வரை அது வெறும் வாய்வார்த்தை, கடைசி நிமிடத்திலும் மனம் மாறலாம்.