கொடியேறினால் முட்டை இல்லை: கேக் முதல் கட்லற் வரை கேள்வி பதில்

நல்லூர் முருகன் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. பிறந்தநாளும் பள்ளிக்கூட விருந்தும் அதைப் பார்த்தா வருகின்றன? மனையியல் படிப்பித்தவள் என்பதால் ஆளாளுக்கு என்னிடம்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ரீச்சர், மகளின் பிறந்தநாள் திருவிழாவுக்குள் வருகிறது. வழக்கமாக 5 முட்டை போட்டு பட்டர் கேக் அடிப்பேன். அந்த 5க்கும் பதிலாக என்ன போடலாம்? (கோப்பாய்)

ஒன்றும் போடாதீர்கள் பிள்ளை. அந்தச் செய்முறையையே இந்த மாதம் ஒதுக்கி வையுங்கள். கேக்கில் முட்டை ஒரு வேலையா செய்கிறது? அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கும். மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் பட்டரும் தண்ணீரும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இறுகி, எழும்பிய கேக் அமராமல் தாங்கும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் ஈரமும் அதிலிருந்துதான். ஒன்றோ இரண்டோ முட்டை என்றால் வேறு ஏதாவது போட்டு ஒப்பேற்றலாம். அதற்கு மேல் போனால் வெட்டும்போது பிட்டு மாதிரி உதிரும். ரிச் கேக்கை முட்டை இல்லாமல் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

முதலிலிருந்தே முட்டை வேண்டாத கேக் ஒன்று இருக்கிறது, ரின்பால் (இனிப்பான கட்டிப்பால்) கேக். கோதுமை மா 140 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, அப்பச்சோடா (பேக்கிங் சோடா) அரைத் தேக்கரண்டி மூன்றையும் சேர்த்து இரண்டு தரம் அரியுங்கள். ரின்பால் 200 கிராம், உருக்கிய பட்டர் 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 5 மேசைக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி. இவற்றைக் கலந்து மாவைப் போட்டு, கட்டி இல்லாமல் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மேலும் மேலும் அடித்தால் மாவில் இழுவை வந்து கேக் இறுகிவிடும். அவணை முன்கூட்டியே 180 பாகையில் சூடாக்கி வையுங்கள். கலவையை வைத்துக்கொண்டு கதை பேசினால் வாயு எல்லாம் போய்விடும். 6 அல்லது 7 அங்குலத் தட்டு, 25 நிமிடம் அளவில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். சீனி தனியாக வேண்டாம், ரின்பாலின் இனிப்பே கண்ணைக் கட்டும்.

அப்பச்சோடாவைக் கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் பொங்கும்தானே? (சாவகச்சேரி)

பொங்கும், பிறகு நடுவில் குழி விழும். சவர்க்கார வாசமும் வரும். சோடாவுக்கு அதற்கேற்ற புளிப்பு வேண்டும். 1 தேக்கரண்டி சோடாவும் 1 மேசைக்கரண்டி வினாகிரியும் ஒரு முட்டைக்கு ஈடு என்பார்கள். ஒரு முட்டைக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. 3 முட்டைக்கு மூன்று மடங்கு போட்டுவிடாதீர்கள்.

வாழைப்பழம், தயிர், ஆளி விதை: எது நல்லது? (காரைநகர்)

செய்யும் பண்டத்தைப் பொறுத்தது. நன்றாகக் கனிந்த பழத்தை மசித்துக் கால் கப் எடுத்தால் ஒரு முட்டைக்குச் சரி. ஆனால் கேக் முழுக்கப் பழ வாசம்தான், சீனியையும் குறைக்க வேண்டும். தயிரும் கால் கப். வனிலா, எலுமிச்சை கேக்குகளுக்கு என் ஓட்டு தயிருக்குத்தான். ஆளி விதை பிஸ்கட்டுக்கும் சொக்லேட் கேக்குக்கும் நல்லது: பொடித்தது 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, 10 நிமிடம் ஊறவிட்டால் வழுவழுப்பாக வரும். வெள்ளைக் கேக்கில் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இவை எல்லாம் பிடித்துக்கொள்ளவும் ஈரத்துக்கும்தான். கேக்கை எழுப்புவது பேக்கிங் பவுடரின் பாடு.

கட்லற்றையும் றோல்ஸையும் எதில் தோய்ப்பது? (மானிப்பாய்)

கோதுமை மாவை உப்பும் மிளகும் போட்டுத் தண்ணீராகக் கரைத்து அதில் தோய்த்து, றஸ்க் தூளில் பிரட்டுங்கள். முட்டை அங்கே வெறும் பசை. இதற்குப் போய் இவ்வளவு கவலையா?

கடலை அவித்த தண்ணீரில் ஐசிங் அடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? (பருத்தித்துறை)

உண்மைதான். அவித்த பயறு, கடலைத் தண்ணீர் முட்டை வெள்ளைக்கருப் போல நுரைக்கும் என்பதை 2014இல் ஜொயேல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதற்கு அக்குவாஃபாபா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கோவிலுக்கும் வீட்டுக்கும் கடலை அவித்து அவித்து அந்தத் தண்ணீரை நாங்கள் வாழைக்கு ஊற்றியிருக்கிறோம்!

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் அவியுங்கள். வடித்ததை மூடாமல் வற்றவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெள்ளைக்கரு பதத்துக்குத் தடிக்கும். 2 மேசைக்கரண்டி ஒரு வெள்ளைக்கருவுக்குச் சரி. சில துளி தேசிப்புளி விட்டு இயந்திரத்தில் அடியுங்கள், சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பொறுமை வேண்டும், கையால் அடித்தால் தோள் போய்விடும். கடலை வாசம் சீனியும் வனிலாவும் சேர்ந்ததும் அடங்கிவிடும். நுரையில் எண்ணெய்ப்பசை படக்கூடாது.

வட்டிலப்பம்? (யாழ்ப்பாணம் நகர்)

அது இறுகுவதே முட்டையால்தான். தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் போட்டுக் கடற்பாசியில் (அகர் அகர்) ஒரு புடிங் செய்யலாம்; ருசி கிட்ட வரும், பதம் வராது. கடற்பாசியைக் கொதிக்கவிட்டு முழுதாகக் கரையுங்கள். ஜெலற்றின் விலங்கிலிருந்து எடுப்பது, விரதத்துக்கு ஆகாது.

மகனுக்கு முட்டை ஒவ்வாமை. கடைச் சாமான் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (சுன்னாகம்)

பொதியில் அல்புமின், ஒவல்புமின், லைசோசைம் என்று இருந்தால் அது முட்டைதான். லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது, முட்டையிலிருந்தும் எடுப்பதுண்டு, எதிலிருந்து என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் முட்டைப் பதிலிகளில் மாப்பொருளில் செய்தவை உண்டு, வெள்ளைக்கருவிலேயே செய்தவையும் உண்டு. பின்னது உங்கள் பிள்ளைக்கு ஆபத்து. பணிஸ் மேலே மினுங்குவது முட்டைப் பூச்சாகவும் இருக்கலாம். ‘கொஞ்சம் குடுத்துப் பார்ப்பம்’ என்ற வேலை வீட்டில் வேண்டாம், அதை வைத்தியர் பார்த்துக்கொள்ளட்டும்.

இவருக்கு முட்டைப் பொரியல் வாசம் இல்லாமல் சோறு இறங்குதில்லை ரீச்சர். விரதத்துக்கு என்ன செய்ய? (நல்லூர்)

கடலை மாவைத் தோசை மாப் பதத்தில் கரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டு ஊற்றுங்கள். இறக்கும்போது கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை தூவினால் அதிலுள்ள கந்தகத்தால் அதே வாசம் வரும். விரதத்தில் இருந்துகொண்டு முட்டை வாசம் தேடலாமா என்பதை அவரும் முருகனும் பேசித் தீர்க்கட்டும்.