குதிரைக்காரனுக்கு என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

கொலு பொம்மைகளுக்கு மறுபடி வர்ணம் தீட்டுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னிடம் இருப்பவை பிளாஸ்டிக் பொம்மைகள். அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலம் இறங்கும்போதெல்லாம் ஒரு பாக்கெட் வாங்கித் தருவார். பச்சைச் சிப்பாய்கள், சிவப்புக் குதிரைக்காரர்கள், கூடவே பினாக்கா டூத்பேஸ்ட்டோடு வந்த குட்டி விலங்குகள் என்று மொத்தம் 43. எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. போன மாதம் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பழைய எனாமலை ஒரு குதிரைக்காரனுக்குப் பூசினேன். பத்து நாளில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. தம்பி, "தொடாதக்கா, பழசு போயிடும்" என்கிறான். ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனையில் அவன் பல் தடம்கூட இருக்கிறது. பெயிண்ட் அடிக்கலாமா, கூடாதா?

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரி,

அடிக்கலாம். ஆனால் 43-க்கும் வேண்டாம்.

தம்பி சொல்வதில் பாதி சரி. கடையில் வாங்கும்போதே வண்ணத்தோடு இருந்தவற்றை அப்படியே விட்டுவிடுங்கள், கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தாலும். பினாக்கா விலங்குகளைக் கண்டிப்பாகத் தொடாதீர்கள். அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், மேலே பூசினால் மதிப்பு போய்விடும். ஒரே நிறத்தில் வார்த்த சிப்பாயும் குதிரைக்காரனும் வேறு கதை. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் குட்டிச் சிப்பாய்களை ஒற்றை நிறத்திலேயே பெட்டியில் போட்டு விற்றது. வாங்கின பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்தார்கள். அந்தக் குதிரைக்காரனுக்கு நீங்கள் வர்ணம் தீட்டினால் எதையும் அழித்ததாக ஆகாது.

எனாமல் ஏன் உரிந்தது என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். குதிரைக்காரனை உள்ளே போடுங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீன், தண்ணீரைவிட லேசானது. (உள்ளே காற்றுள்ள பொம்மையாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது.) மூழ்கினால் பாலிஸ்டைரீனாகவோ பிவிசியாகவோ இருக்கும். உங்களுடையது மிதக்கும் என்றுதான் நினைக்கிறேன். விரலால் தேய்த்தால் மெழுகு மாதிரி இருக்குமே, அந்த வகை. அதன் மேல் எந்தப் பெயிண்ட்டும் லேசில் பிடிக்காது. பொம்மை வளையும், மேலே காய்ந்த எனாமல் வளையாது. அதனால்தான் செதிலாக வருகிறது.

இதற்கு வழி எனக்குச் சேலத்தில் ஒரு கார் பெயிண்டரிடம் கிடைத்தது. பம்பரும் ஏறக்குறைய இதே குணமுள்ள பிளாஸ்டிக்தான். நேராக அடித்தால் நிற்காது என்று அவர் முதலில் பிளாஸ்டிக் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, கொடுக்கிறார். நானும் அதையே பின்பற்றுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத்பிரஷால் மடிப்புகளில் தேய்த்துக் கழுவிவிடுவேன். காய்ந்ததும் வெறும் கையால் தொட மாட்டேன், விரல் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பிரைமரை முதலில் பீடத்தின் அடியில் மட்டும் தடவி, மறுநாள் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். நின்றால்தான் மேலே போவேன். அப்புறம் அக்ரிலிக் வண்ணம், பால் பதத்துக்கு நீர்க்க, இரண்டு மூன்று பூச்சு. எனாமலைவிட அக்ரிலிக் வளைந்து கொடுக்கும்.

உரிந்து நிற்கும் எனாமலை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். பொம்மை பாலிஸ்டைரீனாக இருந்தால் முகமே கரைந்துவிடும். உப்புத்தாளும் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் டப்பா அதற்கு முந்தியது என்றால் தூள் பறக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தே எடுங்கள்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் வீட்டிலும் இதே மாதிரி 12 சிப்பாய்கள் இருந்தார்கள். அதில் ஒருவன் ஊதுகுழல்காரன். நானும் சித்தப்பா பிள்ளைகளும் நாலு வருஷம் அவனைத்தான் படைக்கு முன்னால் நிறுத்தி ஊத வைத்தோம். ஐம்பது வயதில், பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷோடு அவன் வாயருகே போனபோதுதான் தெரிந்தது, அது குழல் இல்லை, தண்ணீர்க் குடுவை. மூடி ஒரு சங்கிலியில் தொங்குகிறது, தொண்டை மேலே நிமிர்ந்திருக்கிறது. அத்தனை நாளும் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். வார்ப்பச்சு செதுக்கியவர் ஒரு கடுகளவு இடத்தில் அந்தத் தாகத்தைச் செய்து வைத்திருக்கிறார். முழுப் பச்சையில் அது கண்ணுக்குப் படவே இல்லை, விரலுக்கு மட்டும் ஏதோ மேடு என்று தெரிந்திருந்தது. நான் பெயிண்ட் அடிக்கச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் குதிரைக்காரன் கடிவாளத்தை எந்தக் கையில் பிடித்திருக்கிறான் என்று இப்போது பார்க்காமல் சொல்ல முடியுமா?

நிறத்துக்குப் புத்தகம் பார்க்க வேண்டியதில்லை. விளையாடும்போது அவனுக்கு என்ன சட்டை என்று நீங்களும் தம்பியும் மனதுக்குள் ஒன்று வைத்திருப்பீர்கள், அதைக் கொடுங்கள். என் படைத் தலைவனுக்கு நான் கொடுத்தது குகை வண்டி வேடிக்கையில், அதாவது சாமி வேஷம் போட்டவர்கள் வண்டிகளில் வரும் திருவிழா ஊர்வலத்தில், ஒருவர் உடுத்தியிருந்த மயில் நீலம். உலகத்தில் எந்தப் படையிலும் அந்தச் சீருடை இருக்காது. எங்களுக்கு அவன் எப்போதும் அந்த நிறம்தான்.

பல் தடத்தில் பட்டி வைத்து நிரவிவிடாதீர்கள். அந்த முனையில் பெயிண்ட்டை இன்னும் நீர்க்கப் பூசினால் பள்ளம் பள்ளமாகவே தெரியும். தம்பி அடுத்த முறை வரும்போது அந்தச் சிப்பாயை அவரிடமே கொடுத்து, ஒரு பிரஷ்ஷையும் கொடுங்கள்.

கடைசியில் மேட் வார்னிஷ், பளபளக்காத வகை. ஸ்பிரே டப்பா வாங்கினால் மழைக்காலத்தில் திறக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பனிமூட்ட ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும், அவ்வளவு வேலையும் வீண். பெயிண்ட் முடித்த பொம்மைகளை ஒரு அட்டைப் பெட்டிக்குள் தூசி படாமல் நிறுத்தி வையுங்கள். தை கழிந்து நல்ல வெயில் வந்ததும், முற்பகல் பதினொரு மணிக்கு மேல் வாசலில் வைத்து அடியுங்கள்.