மங்கலாக எரியும் எல்.ஈ.டி.: பழுது எங்கே?

கேள்வி: மகன் தரம் 10 படிக்கிறான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடையொன்றில் பிரெட்போட் (பாகங்களைச் செருகும் துளைப் பலகை), சிவப்பு எல்.ஈ.டி., 470 ஓம், 10 கிலோஓம் தடைகள், 9 வோல்ட் பற்றரி எல்லாம் வாங்கினோம். பிசி547 ரான்சிஸ்டர் முடிந்துவிட்டது, 2என்3904 கொண்டுபோங்கள், இரண்டும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். சுற்றுப் படத்தில் உள்ளபடியே பொருத்தினான். பொத்தானை அழுத்தினால், அணையப்போகும் ஊதுபத்தி நுனிபோல மங்கலாகத்தான் எரிகிறது. ரான்சிஸ்டர் பழுதா? மாற்றித் தருவார்களா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பஸ் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் பொறுங்கள். மங்கலாகவேனும் எரிகிறதே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. எல்.ஈ.டி. (பாடப்புத்தகத்தின் 'ஒளிகாலும் இருவாயி') தலைகீழாக இருந்தால் துளியும் எரியாது. பலகையில் ஓர் இணைப்பு விட்டிருந்தாலும் அப்படித்தான்.

பற்றரியைக் கழற்றிவிட்டு ரான்சிஸ்டரைப் பிடுங்குங்கள். எல்.ஈ.டி. வந்து சேரும் துளையையும் பற்றரியின் மறை (−) முனைக்குப் போகும் துளையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, மீண்டும் பற்றரியைப் பூட்டுங்கள். அப்போதும் மங்கல்தானென்றால் பற்றரி தளர்ந்திருக்கிறது, அல்லது தடைகள் இடம் மாறியிருக்கின்றன. மஞ்சள்-ஊதா-மண்ணிறம் 470 ஓம், அதுதான் எல்.ஈ.டி.யுடன் இருக்க வேண்டும். மண்ணிறம்-கறுப்பு-செம்மஞ்சள் 10 கிலோஓம். அது ரான்சிஸ்டரின் நடுக்காலுக்கு உரியது. மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் இந்த நிறங்கள் என்னையே ஏமாற்றியிருக்கின்றன. ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

பளிச்சென்று எரிந்தால் ரான்சிஸ்டர் பக்கம்தான் கோளாறு. என் சந்தேகமும் அங்கேதான். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547இன் மூன்று கால்களின் பெயர்கள் இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி. 2என்3904இல் காலி, அடி, சேகரிப்பான். நடுக்கால் ஒன்றே, ஓரக்கால்கள் இரண்டும் நேரெதிர். தலைகீழாக நிற்கும் ரான்சிஸ்டர் முற்றாகச் செத்துவிடாது. மின்னோட்டத்தை மிகக் குறைவாகவே பெருக்கும். அதுதான் அந்த ஊதுபத்தி வெளிச்சம். முகத்தை மறுபக்கம் திருப்பி, அதே மூன்று துளைகளில் குத்துங்கள்.

ஆகவே, பழுதான பொருளை விற்றார் என்று கடைக்காரரைச் சொல்ல முடியாது. இந்த வேலைக்கு 2என்3904 தாராளமாகப் போதும். கால் வரிசை வேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். திருப்பிப் போட்டும் எரியவில்லையென்றால் புதிதாக இரண்டு வாங்கிவிடுங்கள். மாற்றக் கேட்டு நிற்பதைவிட அது சுலபம்.

மல்டிமீற்றர் (மின் அளவுகளை அளக்கும் கருவி) போல விலை கூடிய பொருளென்றால் பற்றுச்சீட்டு இல்லாமல் படியிறங்காதீர்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விற்பவரின் கடமை. மறுத்தால் அதிகாரசபையின் 1977 இலக்கத்தை அழைக்கலாம். சீட்டில் 'உதிரிப்பாகம்' என்று பொதுவாக எழுதவிடாமல், பொருளின் இலக்கத்தையே எழுதச் சொல்லுங்கள்.